கறுப்புத் தூளுக்குள் ஒரு நீலம்

வெள்ளைப் பீங்கான் தட்டில் நீலப் பூ வரைந்தவர், வரையும்போது நீலத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். அவருடைய தூரிகையில் இருந்தது கரிப்பொடி போன்ற கறுப்புத் தூள்: கோபால்ட் ஆக்ஸைடு. சூளைக்குள் போய் வந்த பிறகுதான் அது நீலம்.

இந்தத் தூளைத் தனியாக உருக்க 1,900 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். எந்தக் குயவர் சூளையும் அவ்வளவு எரியாது. ஆனால் மண்பாண்டத்தின் மேல் பூசும் கிளேஸ் என்பது உருகிப் படியும் கண்ணாடிதானே! அந்தக் கண்ணாடிக் குழம்பில் கோபால்ட் கரைந்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்துகொள்ள, ஒளியிலுள்ள மஞ்சளையும் சிவப்பையும் அது விழுங்குகிறது, மிஞ்சுவது நீலம். சுற்றிலும் ஆறு பேர் கூடினால் நிறமே வேறு. டிரான்ஸ்பார்மரில் தொங்கும் கண்ணாடிக் குப்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருக்கும் நீல மணிகள் ஈரம் குடித்ததும் ரோஜா நிறமாகும். கோபால்ட் உப்பைச் சேர்த்த மணிகளில் நடப்பது நான்கு ஆறாகும் இந்த மாற்றம்தான்.

நிறம் தருவதில் இதற்கு இணை கிடையாது. நூறு கிராம் கிளேஸுக்குக் கால் கிராம் போட்டாலே நீலம் தெரியும். ஒரு கிராம் போட்டால் மசிநீலம். அதே கிளேஸைக் கருக்க இரும்பு ஆக்ஸைடு எட்டு, பத்து கிராம் கேட்கும். செம்பு இன்னும் சண்டி: சூளையில் காற்று தாராளமாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. கோபால்ட் எந்தக் காற்றிலும் நீலம்தான். 14-ஆம் நூற்றாண்டில் சீனத்தின் சிங்தேசென் குயவர்கள் ஈரானிலிருந்து கோபால்ட் கனிமத்தைத் தருவித்ததற்கு இந்த நம்பகமே காரணம் என்பேன். பீங்கானை வேகவைக்கும் 1,300 டிகிரி சூட்டில் பல நிறங்கள் ஓடிவிடும், இது நிற்கும். களிமண்ணுக்குப் பதில் குவார்ட்ஸ் கல்மாவைப் பிசைந்து செய்யும் ஜெய்ப்பூர் நீலப் பாண்டங்களிலும் அடர்நீலம் கோபால்ட்டினுடையது; மயில்கழுத்து நிறம் செம்பினுடையது.

பெயர் மட்டும் நல்ல பெயர் இல்லை. ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்கத்தாருக்கு, வெள்ளி என்று நம்பி உருக்கிய தாதுவிலிருந்து வெள்ளி வரவில்லை, நச்சுப்புகைதான் வந்தது. ‘கோபோல்ட்’ என்ற குட்டிச்சாத்தானின் வேலை என்றார்கள். உண்மையில் அது தாதுவோடு கலந்திருந்த ஆர்சனிக். சாத்தான் பெயர் ஒட்டிய தாதுவில் புதிய உலோகம் ஒன்று இருப்பதை 1730-களில் நிறுவியவர் சுவீடனின் கியோர்க் பிராண்ட்.

இன்றைய தூளில் அந்த ஆர்சனிக்கைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். அதற்காகக் கோபால்ட் சாதுவல்ல. வைட்டமின் பி12-இன் நடுவில் இருப்பதே ஒரு கோபால்ட் அணுதான். உடம்புக்குத் துளியூண்டு வேண்டும். அளவு மீறினால்? 1960-களின் நடுவில் கனடாவின் கியூபெக்கில் நுரை நிற்பதற்காக பீரில் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். மொடாக்குடியர்கள் பலர் இதயத்தசை கெட்டு இறந்தார்கள்.

குயவருக்கு ஆபத்து வாய் வழியைவிட மூக்கு வழிதான். தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். தோலில் ஒவ்வாமை தடிக்கலாம். கோபால்ட்டும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த கோபால்ட் ஆக்ஸைடை, புற்றுநோய் தரக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கிளேஸ் மாவிலுள்ள சிலிக்காத் தூசியும் நுரையீரலுக்குப் பகைதான். ஆகவே எடைபோடும்போது நல்ல முகக்கவசம், கையுறை. சிந்தினால் விளக்குமாற்றைத் தொடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த மேசையில் டீ டம்ளருக்கு இடமில்லை.

சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டுமா? நன்றாக உருகிய, சரியான சேர்மானமுள்ள கிளேஸ் கோபால்ட்டைச் சிறைபிடித்து வைத்திருக்கும். அரைவேக்காட்டுக் கிளேஸும், நிறத்துக்கு ஆசைப்பட்டு அள்ளிப்போட்ட கிளேஸும் புளிப்பு பட்டால் கசியவிடும். எலுமிச்சைத் துண்டை கிளேஸின் மேல் ஓரிரவு கவிழ்த்து வையுங்கள். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் பாத்திரம் தோற்றது. வெளுக்காவிட்டாலும் முழுச் சான்று ஆகாது. அதை ஆய்வகச் சோதனைதான் தரும். அதுவரை, நீங்களே வனைந்த நீல ஜாடியில் மாங்காய் ஊறுகாய் போடாதீர்கள், பூ வையுங்கள்.