வாட்டர் ஸ்கூட்டரில் அந்தமான் போகலாமா?



வெள்ளானூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் விடுமுறையில் முட்டுக்காடு படகுத் துறைக்குப் போனான். அப்பாவுடன் வாட்டர் ஸ்கூட்டரில் சவாரி செய்தானாம். வந்ததும் வராததுமாக, "சார், அதுலயே அந்தமான் போக முடியுமா?" என்று கேட்டான்.

"கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்றேன்.

ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? காற்று பின்னால் சீறும். பலூன் முன்னால் பாயும். வாட்டர் ஸ்கூட்டரும் அப்படித்தான். அதன் இன்ஜின் அடியிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கமாக வேகத்துடன் பீய்ச்சுகிறது. உடனே வண்டி முன்னே பாய்கிறது.

ஒரு டேங்க் பெட்ரோலில் 150 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அந்தமான் சுமார் 1,350 கி.மீ. அப்படியானால் ஒன்பது டேங்க் பெட்ரோல் வேண்டும். நடுக்கடலில் பெட்ரோல் பங்க் ஏது?

பையன் முகம் வாடிவிட்டது. "ஸ்பெயின் நாட்டு ஆல்வாரோ டி மரிச்சலார் 2002இல் இப்படிப்பட்ட வண்டியில் அட்லாண்டிக் கடலையே கடந்தார். ஆனால், பெட்ரோலை நம்பாமல் உலகத்தையே சுற்றிய நம் நாட்டு வீராங்கனைகள் இருவரைத் தெரியுமா?" என்றேன்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் புறப்பட்டார்கள். படகின் நீளம் 56 அடிதான். அதைச் செலுத்தியது காற்று!

வழியில் மணிக்கு 90 கி.மீ. வேகப் புயற்காற்று, இரண்டு மாடி உயர அலைகள். 2025 ஜனவரியில் பசிபிக் கடலில் 'நீமோ முனை' என்ற இடத்தைக் கடந்தார்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும், கரையைத் தொடக் குறைந்தது 2,688 கி.மீ. போக வேண்டும். அதைவிட, தலைக்கு மேலே சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையம்தான் பக்கம்! ஆபத்து என்றால் உடனே ஓடிவர ஆள் கிடையாது. இருவரும் ஒருவரையொருவர் நம்பித்தான் போனார்கள்.

சுமார் 47,000 கி.மீ. பயணம் செய்து, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள்.

"ரொம்ப தைரியம் சார்!" என்றான் பையன்.

"தைரியம் மட்டும் இல்லப்பா. அதுக்கு முன்னால மூணு வருஷம் பயிற்சி எடுத்தாங்க" என்றேன்.

சற்று யோசித்தவன், "முதல்ல நீச்சல் கத்துக்கறேன் சார்" என்றான்.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு: தாரிணி சென்ற தூரத்தை வாட்டர் ஸ்கூட்டரில் கடக்க எத்தனை டேங்க் பெட்ரோல் வேண்டும்? வகுத்துப் பாருங்கள்!