கண்ணாடித் தொட்டியுள் ஒரு கடல்

பவளம் கல்லன்று, உயிர். கல்லெனத் தோன்றுவது, பவள உயிரி தன் மெல்லுடலின் அடியில் தானே கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கூடேயாகும். கூட்டிற்கு வேண்டிய பொருள்களை அது கடல்நீரினின்றே பெறுகின்றது. பரந்த கடலில் இவற்றிற்குப் பஞ்சமில்லை. சில நூறு லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போர்க்கோ இதுவே பெருஞ்சிக்கல். அதனைத் தீர்க்கும் வழிகளை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 முதல் 420 மில்லிகிராம் வரை கால்சியம் உள்ளது. தொட்டியிலும் 380க்குக் குறையாமலும் 450க்கு மிகாமலும் இருத்தல் நலம். ஆயின், கால்சியத்தை மட்டும் அளந்து மனநிறைவு கொள்ளலாகாது. பவளம் 20 மில்லிகிராம் கால்சியத்தைக் கூடாக்கும்போது, 61 மில்லிகிராம் பைகார்பனேட்டும் உடன் செலவாகின்றது. கடல்நீரில் பைகார்பனேட்டு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராமே உண்டு. எனவே, கால்சியம் இருபதில் ஒரு பங்கு குறைவதற்குள் பைகார்பனேட்டு ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேல் தீர்ந்துவிடும். கால்சியம் நிறைந்திருந்தும் பவளம் வாடுவதற்கு இதுவே காரணமாதல் கூடும். ஆகவே நீரின் காரத்தன்மையை அடிக்கடி அளத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது துணை மக்னீசியம். கடல்நீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் உள்ள இது, கால்சியமும் கார்பனேட்டும் தாமே இணைந்து படிவதைத் தடுக்கின்றது. மக்னீசியம் குறைந்தால், பவளத்திற்கென நாம் இட்ட சுண்ணாம்பு நீரேற்றியின்மீதும் மணலின்மீதும் வீணே படியும்.

ஈடுசெய்யும் முறைகள் மூன்றினைக் குறிப்பிடலாம். முதலாவது, செருமன் மொழியில் ‘கால்க்வாசர்’ எனப்படும் சுண்ணாம்புத் தெளிநீர். ஆவியாகிக் குறைந்த நீருக்கு மாற்றாக இதனை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவர். இது கடுங்காரமாதலின், ஒருசேர ஊற்றுதல் கேடு விளைவிக்கும். இரண்டாவது, கால்சியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட்டு ஆகிய இரு கரைசல்களை இடைவெளி விட்டுத் தனித்தனியே சேர்த்தல். ஒருங்கே சேர்ப்பின் நீர் பால்போல் வெண்மையுறும். மூன்றாவது, பெருந்தொட்டிகளுக்கு உரியது. தனிக்கலம் ஒன்றில் சுண்ணாம்புக்கல் துண்டுகளை இட்டு, கரியமிலவாயு கலந்த நீரைச் செலுத்தின், கல் மெல்லக் கரைந்து இரு பொருளையும் உரிய விகிதத்தில் ஈயும்.

எம்முறையாயினும் திடீர் மாற்றம் கூடாது. இன்று அளந்து, சிறிதே சேர்த்து, மறுநாள் மீண்டும் அளப்பதே அறிவுடைமை.

இத்தொட்டி நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சுண்ணாம்பிற்காகவே ஒருகாலத்தில் வெட்டியெடுக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு முதல் வன்பவளங்கள் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. எனினும் காற்றில் பெருகும் கரியமிலவாயு கடலிற் கரைந்து, கூடு கட்ட வேண்டிய கார்பனேட்டைக் குறைத்து வருகின்றது. தொட்டியில் நேரும் குறையை நாள்தோறும் நாம் ஈடுசெய்ய இயலும்; கடலுக்கு அவ்வாறு ஈடுசெய்வார் எவருமிலர். கெடாமற் காத்தலே நம் கடனாகும்.