பத்து சதவீத நிலம் யார் பேரில்?

மனை விற்கும் புரொமோட்டர் கொடுக்கும் லேஅவுட் வரைபடத்தில், ஏதாவது ஒரு மூலையில் பச்சை பூசி ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், தண்ணீர் உப்பா என்றெல்லாம் கேட்பவர்கள் அந்தப் பச்சைக் கட்டம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்பதில்லை. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். உள்ளாட்சி அமைப்பின் பேருக்குத் தானப் பத்திரம் ஆகியிருந்தால் அது பூங்கா. ஆகாவிட்டால் இப்போதைக்கு அது வெறும் பச்சை மை.

சென்னை போன்ற நகரில் புதிய பூங்காக்களுக்கு நிலம் வரும் முக்கியமான வழி, ‘ஓ.எஸ்.ஆர்.’ எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள்படி, 3,000 சதுர மீட்டர் வரையிலான இடத்துக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதற்கு மேல் 10,000 வரை, சாலை போக மீதியில் 10 சதவீதம் நிலம் தர வேண்டும். இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பைக் கணக்கிட்டுப் பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டினால் நிலம்தான், பணத்துக்கு இடமில்லை.

விதியின் ஓட்டை நடுப்பகுதியில் இருக்கிறது. சாலை போக 10,100 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ நாலரை கிரவுண்டு நிலம் ஊருக்குக் கிடைக்கும். அதே இடம் இரண்டு துண்டாகி இரண்டு விண்ணப்பமாக வந்தால், கிடைப்பது காசோலையாக இருக்கலாம். வழிகாட்டி மதிப்பு பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழே. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் அதே பகுதியில் நாலரை கிரவுண்டு வாங்க முடியுமா?

இன்னொன்று: பெரிய புது லேஅவுட் வருகிற இடத்தில்தான் ஓ.எஸ்.ஆர். நிலமும் வரும். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அதற்கு வாய்ப்பு உண்டு. எப்போதோ நிரம்பிவிட்ட வியாசர்பாடிக்கு எங்கிருந்து வரும்? பூங்கா தேவைப்படுகிற தெருவை இந்த விதி தேடிப் போவதில்லை. புரொமோட்டர் போகிற இடத்துக்குப் பின்னாலேயே போகிறது.

அப்படியானால் அரசே திட்ட வரைபடத்தில் குறித்துக் கையகப்படுத்தலாமே என்றால், அங்கே 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் நிற்கிறது. அதன் 38ஆவது பிரிவின்படி, ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையென்றால் அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். நில உரிமையாளருக்கு இது நியாயம்தான். ஆனால் பணம் ஒதுக்காமல் பச்சை மட்டும் பூசுகிற திட்டத்துக்கு ஆயுள் மூன்றே ஆண்டு.

வந்த நிலமாவது தங்குமா? 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் காலத்தில் சென்னையில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ உருவானது. 116 ஏக்கர். விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் எல்லாம் அந்த நிலத்தில் எழுந்தவைதான். அங்கிருந்த விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. மிச்சம் என்று சொல்ல மை லேடீஸ் பூங்கா இருக்கிறது. கவனியுங்கள், எந்த ரவுடியும் அங்கே குடிசை போட்டு வளைக்கவில்லை. ஒவ்வொரு கட்டடமும் பொதுக் காரியத்துக்கே வந்தது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை.

அடுத்து பணம். திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்துவிடும், பராமரிப்புக்குத்தான் இழுபறி. கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கு, சுமார் ஆறு ஏக்கருக்கு, ரூ.46 கோடி செலவானது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ரூ.100. அதுபோல் டிக்கெட் போட்டுச் சம்பாதிக்கிற வழி வார்டுப் பூங்காவுக்குக் கிடையாது. போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்தால் மாற்ற வேண்டும், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் வெல்டிங் வைக்க வேண்டும், தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் போக வேண்டும். மோட்டார் ஒரு கோடை ஓடாவிட்டால் புல்தரை மண்தரையாகிவிடும். பிறகு அதே இடத்தை ‘புனரமைக்க’ லட்சக்கணக்கில் டெண்டர் வரும். ஆண்டுப் பராமரிப்புத் தொகையை எழுதாத எந்தப் பூங்கா மதிப்பீட்டிலும் கையெழுத்தே போடக்கூடாது என்பேன்.

கிண்டி ரேஸ் கிளப்பின் குத்தகையை 2024 செப்டம்பரில் ரத்து செய்த அரசு, அதில் 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவித்தது; விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. வந்தால் சென்னைக்கு நல்லதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வருகிற பூங்கா வேறு, முழங்கால் வலிக்கிற பாட்டி சாயங்காலம் தனியாக நடந்து போய்வருகிற பூங்கா வேறு. இரண்டாவது வகைக்கு நாலரை கிரவுண்டு போதும். அது வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும்.