அயடீனும் மகப்பேற்றுச் சிகிச்சையும்

கழுத்தின் முற்பக்கத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல அமைந்துள்ளது தைரொயிட்டுச் சுரப்பி. அளவிற் சிறிதாயினும் இதன் ஆட்சி பெரிது. உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் இது சுரக்கும் ஓமோன்களைச் சார்ந்துள்ளன. அவற்றுள் ஒன்றாகிய தைரொட்சினின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள. ஆகவே, அயடீன் இன்றேல் தைரொட்சினும் இல்லை.

1811 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டினராகிய கூர்ட்டுவா என்பவர் கடற்பூண்டின் சாம்பரிலிருந்து கண்டெடுத்த மூலகமே அயடீன். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராமும், கருவுற்ற பெண்ணுக்கு 250 மைக்கிரோகிராமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. தாய் தனக்கும் சேய்க்குமாகச் சுரக்கவேண்டியிருத்தலே இம்மிகுதிக்குத் தலையாய காரணம். ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை சேயின் சுரப்பி தொழிற்படத் தொடங்குவதில்லை. அதுகாறும் தாயின் தைரொட்சினே சேயின் மூளையைப் பேணுகின்றது.

சூலையும் விந்தையும் உடலுக்குப் புறத்தே சேர்த்து முளையமாக்கும் சிகிச்சையிலோ, இத்தேவை கருத்தங்குமுன்னரே எழுகின்றது. இம்முறையாற் பிறந்த முதற் குழந்தை, 1978 ஆம் ஆண்டு யூலை 25 இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிற் பிறந்த லூயிசு பிரவுண். அன்று, இயல்பாக முதிர்ந்த ஒற்றைச் சூலே எடுக்கப்பட்டது. இன்றோ, ஒரே முறையிற் பல சூல்களைப் பெறும்பொருட்டு ஓமோன் ஊசிகளாற் சூலகங்கள் தூண்டப்படுகின்றன. அதனால், சூலகம் சுரக்கும் ஈஸ்திரசன் சில நாள்களுக்குள் இயல்பினும் பன்மடங்காகப் பெருகுகின்றது.

ஈஸ்திரசனுக்கும் தைரொயிட்டுக்கும் யாது தொடர்பு? இரத்தத்திலுள்ள தைரொட்சினின் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்தே செல்லும். பிணையாது நிற்கும் சிறுபகுதியே கலங்களுட் புகுந்து தொழிற்படும். ஈஸ்திரசன் மிகுந்தால் பிணைக்கும் புரதமும் மிகும். அது மிகவே, பிணையாத தைரொட்சின் குறையும். இக்குறையை உணர்ந்த கபச்சுரப்பி, இன்னும் சுரக்குமாறு தைரொயிட்டை ஏவும். நலமுடைய சுரப்பி, அயடீன் இருப்பும் உடையதாயின், அவ்வேவலை எளிதில் நிறைவேற்றும். நலிந்த சுரப்பியோ தளரும். தளர்ச்சி மிகுந்து, கவனியாது விடப்படின், கருச்சிதைவும் சேயின் மூளை வளர்ச்சிக் குறைவும் நேரக்கூடும். தைரொட்சின் மாத்திரை உட்கொண்டுவரும் பெண்ணுக்கு அதன் அளவை மருத்துவர் கூட்டவேண்டி வருதலும் இதனாலேயாம்.

எனவே, கருத்தங்கிய பின் அயடீனைத் தேடுதல் காலங்கடந்த முயற்சியாகும். சிகிச்சை தொடங்குமுன்னரே இரத்தத்தைச் சோதித்து, குறையிருப்பின் நிரப்பிக்கொள்ளல் வேண்டும். இலங்கையில் 1995 ஆம் ஆண்டு முதல் உணவுப்பில் அயடீன் சேர்த்தல் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. எனினும், ஈரம்படத் திறந்து வைக்கப்பட்ட உப்பு தன் அயடீனை இழக்கும் என்பதை இல்லத்தார் மறத்தலாகாது.

இனி, குறைவு தீதெனக் கண்டு மிகையை நாடுவாரும் உளர். மிகையான அயடீன் சுரப்பியின் தொழிலையே தடுத்துவிடும் என்பதை வுல்ப், சைக்கோவ் என்னும் அறிஞரிருவர் 1948 இல் எலிகளிற் செய்த ஆய்வினாற் காட்டினர். மருத்துவரை வினவாது கடற்பூண்டு மாத்திரைகளை விழுங்குதல் இதனாலேயே தகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அயடீனுக்கும் பொருந்தும். அளவும் காலமும் அறிந்து உட்கொள்ளும்போதே அது தாய்க்கும் சேய்க்கும் துணையாகும்.