தூசியில் வரும் கந்தகத்தை நம்பலாமா?

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறீர்களே, அந்த ஜிப்சம் காற்றிலும் உருவாகிறது. நிலக்கரி எரியும் இடங்களிலிருந்து கந்தக டை ஆக்சைடு வாயு வெளியேறுகிறது. காற்றில் பறக்கும் மண் தூசியில் சுண்ணாம்பு இருந்தால், தூசி மேல் படிந்த ஈரத்தில் இந்த வாயு கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகிறது. ஜிப்சம் என்பதும் அதுதான். பிறகு தூசி தானாகவோ மழையோடோ வயலில் இறங்குகிறது. வட இந்தியாவில் அத்தனை புகை இருந்தும் மழைநீர் பெரிதாக அமிலமாகாததற்கு இந்தத் தூசி ஒரு முக்கியக் காரணம்.

அதே காற்றில்தான் நோய் பரப்பும் பூஞ்சை வித்துகளும் வருகின்றன. கந்தகம் பட்டால் அவற்றில் பல முளைக்காது. பிரிட்டனில் கரிப்புகை சூழ்ந்த நகரங்களில் ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோய் அரிதாகவே வந்தது. காற்று சுத்தமானதும் நோயும் பரவியது. சாம்பல் நோய்க்கு நாம் நனையும் கந்தகம் தெளிப்பதும் இதனால்தான். அதற்காகப் புகையை வரவேற்க முடியாது. அது பயிரின் இலையையும் நம் நுரையீரலையும் சேர்த்தே கெடுக்கும்.

பிரிட்டன் கதை இன்னும் இருக்கிறது. 1970-ல் அங்கு ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறியது. இன்று 2 லட்சம் டன்கூட இல்லை. நல்ல செய்திதான். ஆனால், வானத்திலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்த சத்து குறைந்ததும் எண்ணெய்க் கடுகு வயல்கள் வெளுக்கத் தொடங்கின. கோதுமையிலும் பற்றாக்குறை தெரிந்தது. இப்போது அங்கே கந்தக உரம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள்.

நம் வயலிலும் காற்றை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். யூரியா, டி.ஏ.பி., மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் மட்டும் போடும் வயலுக்குக் கந்தகம் கிடைக்காது. சூப்பர் பாஸ்பேட்டில் 11 சதவீதமும், அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 23 சதவீதமும் கந்தகம் உண்டு. எண்ணெய் வித்து, பயறு, வெங்காயம் பயிரிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. குருத்தும் இளம் இலையும் முதலில் வெளுத்தால் கந்தகத்தைச் சந்தேகியுங்கள். மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கந்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், 10 பி.பி.எம்.-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. இறவை நிலக்கடலைக்கு 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடிகளின் ஓரமாகப் போட்டு மண் அணைக்கவும்.