ஈரவிறகும் இரும்படுப்பும்

தருக்க நூல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் எடுத்துக்காட்டு மலையும் புகையுமாகும். மலையிற் புகையைக் கண்டு, அடுக்களையை உவமையாகக் கொண்டு, ஆண்டு நெருப்புண்டு எனத் துணிவர். இதனை மறித்து, நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு எனக் கூறல் பொருந்தாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. புகை தோன்றுதற்கு ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். அச்சேர்க்கையை உபாதி என்பர். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம் இதனைத் தெளிவுற விளக்கும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் நுட்பமன்று. குளிர்நாடுகளில் வீட்டையும் உயிரையும் காக்கும் விதியும் இதுவே. எம்மவர் பலர் குடியேறி வாழும் நோர்வேயை நோக்குக. அங்கே மாரிக்காலத்தில் நீர் உறைந்து கிடக்கும். இருக்கையறையின் ஒருபுறத்தே வார்ப்பிரும்பு அடுப்பு நிற்கும். அது சமைத்தற்கன்று, அறையை வெப்பமூட்டுதற்கே உரியது. புகை குழாய் வழியே புகைபோக்கியை அடையும். இரும்பின் சூடு அறையிற் பரவும். விறகு அந்நாட்டார்க்கு எத்துணை உயிரான பொருள் என்பதை இரு செய்திகள் காட்டும். விறகு வெட்டலும் அடுக்கலும் பற்றி லார்ஸ் மிற்றிங் எழுதி 2011இல் வெளிவந்த நூல் பெருவரவேற்பைப் பெற்றது. 2013 பெப்ரவரியில் அந்நாட்டுத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே 12 மணி நேரம் ஒளிபரப்பியது. பார்த்தவருட் சிலர், மரப்பட்டை மேல்நோக்க வேண்டுமா, கீழ்நோக்க வேண்டுமா என வழக்காடினர்!

விறகு எரியும் முறையை அறிந்தாலன்றி அடுப்பின் இயல்பு விளங்காது. சூடேறிய விறகு முதலில் நீரை ஆவியாக விடும், பின்னர் எரியத்தக்க வாயுக்களை விடும், எஞ்சுவது கரி. விறகின் ஆற்றலிற் பெரும்பங்கு அவ்வாயுக்களிலேயே உள்ளது. அவை முற்றாக எரிதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் அவை எரியாது புகையாகும். எனவே புகை என்பது எரியாத விறகே. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையிற் பாதியளவு நீராக இருக்கும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலி கழியுமாயின் அறைக்கு எஞ்சுவது யாது?

பழைய அடுப்புகளின் குறையும் ஈண்டே உள்ளது. இக்காலத்து அடுப்பில், சூடேற்றப்பட்ட காற்று மேற்புறத்தே இரண்டாம் வழியாகப் புகுந்து புகையை எரிக்கும். பழையதிற் பெரும்பாலும் அவ்வழியில்லை. மேலும், இரவு முழுதும் கனல் நிற்கவேண்டுமென்று விறகை நிறைத்துக் காற்றுவாயிலை அடைத்துவிட்டு உறங்குவது பலரது வழக்கம். விடியலில் அடுப்புச் சூடாக இருக்கும். ஆயினும் இரவெல்லாம் புகை வெளியேறியிருக்கும். அப்புகை குளிர்ந்த புகைபோக்கியிற் படிந்து கீலாக இறுகும். ஒருநாள் அக்கீல் பற்றிக்கொள்ளின் வெப்பம் 1000 பாகையையும் கடக்கும், கூரையும் தப்பாது. காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயு அறையுட் புகின், உறங்குவோர் விழித்தெழார்.

ஆதலின் பழைய அடுப்பை நாள்தோறும் ஆள்வோர் கைக்கொள்ள வேண்டியவை சில. விறகை முன்னரே பிளந்து, நிலத்தைத் தொடாமல் அடுக்கி, மேலே மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஒரு கோடையேனும் உலர்த்தவேண்டும். வன்மரமாயின் இரு கோடை. ஈரம் நூற்றுக்கு 20இற்குக் குறைதல் நன்று. உலர்ந்த விறகின் முனை வெடித்திருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். சிறிது சிறிதாக இட்டுச் சுடர்விட எரித்தல் வேண்டும். சுடர் நிற்கும்வரை காற்றை அடைத்தலாகாது. கதவின் இடுக்கையும் இரும்பின் வெடிப்பையும் நோக்குக. ஆண்டுக்கொரு முறையேனும் புகைபோக்கியைத் துடைப்பிக்க. சாம்பலுட் கனல் சில நாள் உறங்குமாதலின் அதனை மூடியுள்ள இரும்புக் கலத்தில் இட்டு வெளியே வைக்க. நச்சுவாயுவை உணர்த்தும் கருவியும் அறையில் இருத்தல் வேண்டும்.

இத்துணையும் செய்தால் பழைய அடுப்பையே வைத்துக்கொள்ளலாமா? நோர்வேயில் 1998 முதல் புதிய அடுப்புகளின் புகைக்கு வரம்பு உண்டு. பேர்கன் நகரம் அவ்வரம்பிற்கு அமையாத பழைய அடுப்புகளை எரிப்பதை 2021இல் தடைசெய்தது. பாட்டன் காலத்து அடுப்பை இழத்தலும் புதியதற்குப் பொருள் தேடுதலும் பலர்க்கு வருத்தமே. ஆயினும் எம் வீட்டுச் சூட்டிற்காக அயலார் குழந்தை புகையை உண்ணுதல் அறமாகாது. வீடுகள் நெருங்கிய ஊரில் மாற்றுதலே தக்கது. வேறு வழியற்ற தனிமனைகளில், மேற்கூறிய ஒழுங்குடன் ஆளலாம்.

ஆனால் ஒன்று: ஈரவிறகை இட்டால் புதிய அடுப்பும் புகையும், எம் அடுக்களை அடுப்பும் அவ்வாறே. அடுப்பை மாற்றியும் விறகை உலர்த்தாதவர் உபாதியை நீக்கினாரல்லர்.