சூரிய மின்சாரமும் வீட்டுக் கணக்கும்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ரயிலில் செல்வோர் திருமுல்லைவாயில், அன்னனூர்ப் பக்கத்து மொட்டைமாடிகளைக் கவனித்திருக்கலாம். வடாம் உலர்ந்த இடங்களில் இப்போது சோலார் பேனல் என்னும் சூரியத் தகடுகள் பளபளக்கின்றன. பூந்தமல்லியிலும் அப்படியே. இது சந்தோஷிக்கத்தக்க மாறுதலே. ஆயினும், வாங்குவோரில் பலர் தாம் வாங்குவது இன்னதென்று அறியாமலே வாங்குகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். “இனிப் பில்லும் இல்லை, கரண்ட் கட்டும் இல்லை” என்று விற்பனைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். உண்மையில் இவை இரண்டு வியாதிகள். இரண்டுக்கும் மருந்து வேறு. மருந்தின் விலையும் வேறு.

முதலில் பில். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதலிரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் மான்யமாக வகுக்கப்பட்டது. மூன்று கிலோவாட்டுக்குச் சர்க்கார் கணக்கிட்ட விலை 1,45,000 ரூபாய். கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் அதற்கு மேல். நிழல் விழாத 300 சதுர அடி இடம் வேண்டும். சென்னை வெயிலில் அது சராசரியாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவிடும் வீட்டுக்கு 2024 ஜூலை விகிதப்படி பில் மூவாயிரம் ரூபாயை நெருங்கும். அத்தகைய வீட்டார் போட்ட முதலை நான்கிலிருந்து ஏழு ஆண்டுக்குள் மீட்டுக்கொள்ளலாம். 200 யூனிட்டோடு நிற்கும் சிறு குடும்பத்துக்கோ, முதல் 100 யூனிட் இலவசம் போக, அதே விகிதத்தில் பில் 250 ரூபாயைக்கூட எட்டாது. அவர் போடும் பணம் பேரன் காலத்தில் திரும்பினால் உண்டு!

அடுத்தது மின்வெட்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். பாட்டரியின்றி மின்வாரியக் கம்பியோடு நேராக இணைத்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். பட்டப்பகலில் மாடியில் வெயில் கொளுத்தினாலும் கீழே மின்விசிறி சுழலாது. இது இயந்திரத்தின் கோளாறன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. மின்சாரம் நின்றதென்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனை, யார் வீட்டு மாடியிலிருந்தோ பாயும் மின்சாரம் கொன்றுவிடக் கூடாதல்லவா?

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் மிதந்ததையும் நம்மவர் மறந்திரார். மழை விட்டு வானம் வெளுத்த பிறகும் பல தெருக்களில் மின்சாரம் வரவில்லை. அத்தகைய தினங்களில் உதவுவது பாட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஒன்றே. ஆனால் மான்யம் தகடுகளின் அளவைக் கொண்டு தரப்படுவது. பாட்டரிக்கென்று தனியே ஒரு காசும் இல்லை.

150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பாட்டரி ஒன்றில் ஏட்டளவில் அடங்குவது 1.8 யூனிட், கைக்கு வருவது அதிலும் குறைவு. மின்சாரம் குறைவாகத் தின்னும் புதுவகை மின்விசிறி மூன்றும் விளக்கு நான்கும் அதைக்கொண்டு ஓர் இரவைக் கழிக்கலாம். ஏர்கண்டிஷனர் ஒரு மணி நேரத்தில் அதைக் காலி செய்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரோ கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய இன்வெர்ட்டர் தாங்கவே தாங்காது. நமது புறநகரில் மின்சாரம் போனால் முதலில் எழும் கூக்குரல் தண்ணீருக்கு என்பதை யாவரும் அறிவர். மோட்டாரும் ஓட வேண்டுமென்றால் செலவு லக்ஷக்கணக்கில் ஏறும். ஈயப் பாட்டரியை நான்கைந்து ஆண்டுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். ஆகவே, வெட்டு மட்டுமே கவலையென்றால், தகடே வேண்டாம். சாதாரண இன்வெர்ட்டரும் ஒரு பாட்டரியும் போதும். அவற்றை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்தல் அவசியம்.

சுதேசி அபிமானிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் செய்த செல்களைக் கொண்ட தகடுகளுக்கே இத்திட்டத்தின் மான்யம் உண்டு. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா கம்பெனியார் அவற்றைச் செய்கிறார்கள். மலிவென்று அந்நியச் சரக்கை மாட்டிவிட்டு மான்யத்துக்கு அலைவதில் பயனில்லை.

அடுக்குவீட்டுக்காரர் நிலைதான் பரிதாபம். மாடி அனைவருக்கும் பொது. பொதுவிளக்கு, மோட்டார் முதலியவற்றுக்காகக் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று அதே திட்டத்தில் இடமிருக்கிறது. 1955-இல் சோஷலிஸ பாணிச் சமுதாயத்துக்குக் காங்கிரஸ் மகாசபை தீர்மானம் நிறைவேற்றிய ஆவடியில், ஒரு மொட்டைமாடியைப் பொதுவில் பயன்படுத்த மனம் ஒப்பாமலா போகும்?

ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட பிறகு படிக்கும் கட்சிக்காரர்களை வக்கீல் தொழிலில் நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். “மின்வெட்டின்போது இது இயங்காது” என்ற வாசகத்தைப் பாட்டரியில்லா ஒவ்வோர் ஒப்பந்தத்தின் தலைப்பிலும் கொட்டை எழுத்தில், தமிழில் அச்சிடும்படி சர்க்கார் கட்டளையிட வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மான்யம் தரும்போது விதிக்கும் நிபந்தனைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தாலே போதும்.